ஒரு சாண் நகர்ந்த டிராலி

புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்று யாரோ சொன்னதற்காக ஒரு மனிதர் மூன்று நாள் தொடர்ந்து உச்சிவேளையில் புளியமரத்தடியில் படுத்துத் தூங்கினார். மூன்றாம் நாள் எழுந்து வந்து, "எறும்புதான்யா கடிச்சுச்சு" என்றார். அவரைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன வாரம் ரேடியோச் செய்தியைக் கேட்டுவிட்டு நீங்கள் மூன்று பேரும் ராக்கெட்டைப் பற்றிச் சண்டை போட்டீர்கள். அந்த உயரத்தில் காற்றே கிடையாது, அப்புறம் எதை உதைத்துக்கொண்டு அது முன்னால் போகும் என்று பெரியவன் கேட்டான். அதற்கு இறக்கை இருக்கிறது, அதை வைத்துத் திரும்பிக்கொள்ளும் என்றாள் நடுவுள்ளவள். சின்னவன் என்னிடம் வந்து நின்றான். எனக்கு விஷயம் தெரியும். ஆனால் அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை. அந்த மனிதர் செய்து காட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

உலகச் சண்டை முடியப் போகிற சமயம் அது. நான் ரயில்வேயில் டிராலிமேனாக இருந்தேன். டிராலி என்றால் நாலு இரும்புச் சக்கரம், மேலே பலகை, அதன் மேல் ஒரு பெஞ்சு. அவ்வளவுதான். எஞ்சின் கிடையாது. தண்டவாளத்தைப் பார்வையிட வருகிற இன்ஸ்பெக்டர் பெஞ்சில் குடை பிடித்து உட்கார்ந்துகொள்வார். நாங்கள் தண்டவாளத்தின் மேலேயே வெறுங்காலோடு ஓடித் தள்ளுவோம். வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்வோம். வேகம் குறைந்தால் மறுபடி இறங்கி ஓடுவோம். ரயில் வருகிற நேரத்தில் நாலு பேர் சேர்ந்து டிராலியைத் தூக்கித் தண்டவாளத்துக்கு வெளியே வைத்துவிடுவோம். மதுரைக்குப் பக்கத்தில், பரவைக்கு அந்தப் பக்கம் லைன் ஓரத்தில் எங்கள் வீடுகள் இருந்தன.

அவர் எங்களுக்கெல்லாம் மூத்தவர். பிரேக் அவர் கையில் இருக்கும். நான் அவரை அண்ணே என்பேன். உங்கள் அம்மாவை அவர் தங்கச்சி என்று கூப்பிட்டதால் என்னை மாப்ள என்பார். குட்டையான ஆள். வலது கைச் சுண்டுவிரலில் ஒரு கணு கிடையாது. எதையும் சாணால்தான் அளப்பார். அளந்துவிட்டு, "என் சாணு கொஞ்சம் கம்மி, ரெண்டு விரக்கடை சேர்த்துக்க" என்பார்.

யாராவது ஒன்று சொன்னால் அதைக் கேட்டுவிட்டு விடமாட்டார். "செஞ்சு பார்த்துருவோமா?" இதுதான் அவர் பேச்சு. வேப்பிலை போட்டு வைத்தால் குழம்பு நாலு நாளைக்குக் கெடாது என்று ஒருவர் சொல்லப்போய், நாலு நாளும் அதே குழம்பைத் தின்று பார்த்தார். ஐந்தாம் நாள் வேலைக்கு வரவில்லை. விசாரிக்கப் போனேன். அவர் சம்சாரம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இந்த மனுசன் விஷத்தையும் ருசி பார்த்துட்டுத்தான் விஷம்னு சொல்லுவாரு. ரெண்டு பொட்டப் புள்ளைய வச்சிருக்கேன் நான். நீயாச்சும் சொல்லக் கூடாதா?"

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "ரெண்டு நாளைக்குத் தாங்குது மாப்ள. மூணாம் நாளுதான் பேதியாகுது."

டிராலியிலும் இப்படித்தான். சக்கரத்துக்கு வேப்பெண்ணெய் விட்டால் சுலபமாக ஓடுமா, விளக்கெண்ணெய் விட்டால் ஓடுமா என்று ஒரு தடவை இரண்டையும் விட்டுத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "இன்னொரு தடவை வண்டியில வித்தை காட்டுனா உன் சீட்டைக் கிழிச்சுருவேன்" என்று மட்டும் சொன்னார். சீட்டுக் கிழிந்தால் வேலை போய்விடும், வீடும் போய்விடும். அண்ணன் தலையை ஆட்டினார். இன்ஸ்பெக்டர் போனதும் என் பக்கம் திரும்பி, "விளக்கெண்ணெய்தான்" என்றார்.

பரவைச் சந்தைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு வாத்தியார் தினமும் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். ஒரு நாள், ஜெர்மன்காரன் புது மாதிரி வாணம் விடுகிறான், அது காற்று மண்டலத்துக்கு மேலே ஏறிப் போய் லண்டனில் விழுகிறது என்று படித்தார். படித்துவிட்டு அவரே அதை நம்பவில்லை.

"பேப்பர்க்காரன் அளக்குறான். துடுப்புக்குத் தண்ணி எப்படியோ அப்படித்தான் வாணத்துக்குக் காத்து. காத்தைப் பின்னால உதைச்சுத்தான் அது முன்னால போவுது. காத்துக்கு மேல போனா எதை உதைக்கும்?"

அண்ணன் கிளாசைக் கீழே வைத்தார். "அப்ப எதை உதைச்சு வாத்தியாரே அது லண்டனுக்குப் போச்சு?"

"அதான் போகலைங்கிறேன்."

"விழுந்து ஆளு செத்துருக்குன்னு இப்பத்தான படிச்சீங்க?"

வாத்தியார் பேப்பரை மடித்தார். "உனக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாதப்பா."

"அண்ணே, டீ ஆறுது. முதல்ல அத உள்ள தள்ளுங்க" என்றார் கடைக்காரர்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவருக்கு வேறு பேச்சில்லை. டிராலி தள்ளும்போதும், சோறு தின்னும்போதும் "எதை உதைச்சு?" என்று கேட்டுக்கொள்வார். ஒரு நாள் டிராலியில் சும்மா உட்கார்ந்திருந்தவர், "மாப்ள, டிராலில இருந்துக்கிட்டே டிராலியத் தள்ள முடியுமா?" என்றார்.

"பெஞ்சைப் பிடிச்சுத் தள்ளுங்க. போகும்" என்றேன் கேலியாக.

நிஜமாகவே பெஞ்சைப் பிடித்துக் கொஞ்ச நேரம் முக்கிப் பார்த்தார். போகவில்லை.

முதலில் வழி கிடைத்தது கிணற்றில். லைன் ஓரத்து வயல்காரர் ஒருவரின் இறவைக் கிணற்றில்தான் நாங்கள் தண்ணீர் எடுப்போம். அதனால் பங்குனியில் தூர் வார நாங்களும் போவோம். அகலமான கிணறு. தூர் அள்ளிய கூடையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் கயிற்றுப் பலகையில் உட்கார்ந்திருந்தார், நாங்கள் மேலே இழுத்தோம். பாதியில் கயிறு முறுக்கிக்கொண்டு அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டார். சுவர் எந்தப் பக்கமும் கைக்கு எட்டாது. காலை உதறினார், உடம்பை நெளித்தார். கொஞ்சம் திரும்பிப் பழையபடியே வந்து நின்றார்.

அப்புறம் அவர் கூடையிலிருந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தார். வலது கையைப் பக்கவாட்டில் நன்றாக நீட்டி, அதை முன்பக்கமாக வீசினார். உடம்பு வலப்பக்கம் திரும்ப ஆரம்பித்தது. எங்களைப் பார்த்த பிறகும் நிற்காமல் சுற்றிக்கொண்டே போனது. இன்னொரு கட்டியை எடுத்து இடது கையை நீட்டி அதே மாதிரி வீசினார். நின்றது. மறுபடி வலது, மறுபடி இடது.

"ஏப்பா, தூரை அள்ளச் சொன்னா அள்ளுனதத் திரும்ப உள்ளயே எறியிற?" என்று வயல்காரர் கத்தினார்.

"இருங்க. திரும்புது" என்றார் கிணற்றுக்குள்ளிருந்து.

நடுவுள்ளவளே, நீ சொன்ன இறக்கைக்கு இதுதான் பதில். இறக்கையும் வாலும் காற்று இருக்கிற வரைக்கும்தான் உதவும். பட்டத்துக்கு வால் கட்டுகிறோம், வாணத்துக்குக் குச்சி கட்டுகிறோம். எல்லாம் காற்றுக்காகத்தான். காற்று இல்லாத இடத்தில் இறக்கையை எப்படித் திருப்பினாலும் அது சும்மா இருக்கும். அங்கே ராக்கெட் திரும்ப வேண்டுமானால் அதன் பக்கவாட்டில் சின்னச் சின்னக் குழாய்கள் வேண்டும். ஒரு பக்கத்துக் குழாய் கொஞ்சம் ஆவியைப் பீய்ச்சினால் ராக்கெட் மெதுவாகத் திரும்பும். திரும்ப ஆரம்பித்தால் தானாக நிற்காது, அதைத் தடுக்க அங்கே ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்கத்துக் குழாய் அதே அளவு பீய்ச்சினால்தான் நிற்கும். பெரிய எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போது அதன் வாயையே கொஞ்சம் சாய்த்தும் திருப்புவார்கள். அண்ணனிடம் மண்ணாங்கட்டி இருந்தது.

அதை அவர் டிராலியில் செய்து பார்த்தது சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள் சாயந்திரம். எங்கள் வீட்டுப் பக்கம் மெயின் லைனிலிருந்து பிரிந்து போகிற, ரயில் வராத சைடிங் ஒன்று இருந்தது, சமதளமான இடம். டிராலியை அதில் வைத்து, லைன் ஓரத்து ஜல்லிக் கல்லை இரண்டு கூடை நிறைய ஏற்றினார். பெரிய கல்லாகவும் கொஞ்சம் பொறுக்கிப் போட்டார். சக்கரத்துக்கு நேராகத் தண்டவாளத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தார். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து ஒரு கல்லை வீசினார். வண்டி நாலு விரற்கடை முன்னால் நகர்ந்தது.

"பார்த்தியா?"

"கல்லு போய்த் தரையில விழுந்து உதைக்குதுண்ணே" என்றேன்.

"நல்லாப் பாரு. கையை விட்டுப் போறப்பவே வண்டி நகர்ந்துருது. கல்லு அப்ப அந்தரத்துல இருக்கு."

இன்னொரு கல். அவர் சொன்னது சரிதான்.

"அப்பக் காத்தை உதைக்குது. வீசுறீங்கள்ல."

அவர் அதே வேகத்தில் கையை வீசினார், ஆனால் கல்லை விடவில்லை. வண்டி முன்னால் போனது, கையைத் திருப்பிக் கொண்டுவந்ததும் பின்னால் வந்தது. இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தார். கையில் பிடித்துக்கொண்டே எவ்வளவு வீசினாலும் வண்டி போய்ப் போய்த் திரும்பி வந்தது. விட்டால்தான் போனது. ஒரு முறத்தை எடுத்துக் காற்றை வீசிப் பார்த்தார். வண்டிக்கு அது தெரியவே இல்லை.

இத்தோடு நான் ஒப்புக்கொண்டிருக்கலாம். எனக்கு அவரைச் சீண்டுவதில் ஒரு ருசி. "நாலு விரக்கடையெல்லாம் ஒரு நகர்றதாண்ணே? சக்கரம் சும்மா ஆடுது."

"பிரேக் கட்டை உரசுதுல்ல."

"அப்ப அதக் கழட்டிட்டுக் காட்டுங்க. நம்புறேன்."

டிராலியின் பிரேக் ஒரு மரக்கட்டை. கைப்பிடியை இழுத்தால் கட்டை சக்கரத்தில் போய் அழுத்தும். கட்டையையும் கைப்பிடியையும் சேர்க்கிற இடத்தில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு முளை. அவர் முளையை உருவிக் கட்டையைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு பெரிய கல்லாக ஒன்றை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கி வீசினார்.

வண்டி நகர்ந்தது. இறங்கி வந்து கோட்டிலிருந்து கையை விரித்து அளந்தார். ஒரு சாண். பிறகு பத்துக் கல்லை மூச்சு விடாமல் ஒன்றன் பின் ஒன்றாக எறிந்தார். வண்டி நிற்காமல், தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற சிலீப்பர் கட்டை நாலைத் தாண்டிப் போனது.

"மாப்ள, அது காத்தையும் உதைக்கல, தரையையும் உதைக்கல. கல்லத்தான் உதைச்சிருக்கு. கையில இருக்கறதத்தான் உதைச்சிருக்கு." பல் தெரியச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "திருவிழா முடியட்டும். வாத்தியாரக் கூட்டியாந்து காட்டணும்."

பெரியவனே, நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ராக்கெட்டுக்குள் எரிபொருள் இருக்கிறது. அது எரியக் காற்று வேண்டுமே என்பாய். எரிவதற்கு வேண்டிய காற்றையும் திரவமாக்கிக் கூடவே கொண்டுபோகிறது. இரண்டும் சேர்ந்து எரிந்து ஆவியாகி, பயங்கர வேகத்தில் பின்னால் போகிறது. அந்த ஆவிதான் கல். கண்ணுக்குத் தெரியாத கோடிக் கல். பின்னால் ஒன்றுமே இல்லாவிட்டாலும் எறிந்தவன் முன்னால்தான் போவான். காற்று இல்லாதது இன்னும் நல்லது, தடுக்க ஆள் இல்லை. ஒரு தடவை வேகம் பிடித்துவிட்டால் எஞ்சினை அணைத்துவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கும். அங்கே பிரேக் என்று ஒன்றும் கிடையாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் போகிற திசையைப் பார்த்து எறிய வேண்டும்.

அதையும் நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் பார்த்தேன்.

கல் எறிந்து பார்த்த அன்று சாயந்திரம் இருட்டுவதற்கு முன்னால் அவர் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். போகும்போது, "கட்டைய மாட்டி முளையப் போட்டுரு. கூடைய இறக்கி வச்சுரு" என்றார். கட்டையை மாட்டினேன். முளையைக் காணவில்லை, ஜல்லிக்குள் எங்கேயோ விழுந்துவிட்டது. கொஞ்சம் தேடினேன். பிறகு கிடந்த கட்டுக்கம்பி ஒன்றை எடுத்து முளைக்குப் பதிலாக நுழைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டேன். நாளை மறுநாள் ஸ்டோரில் முளை வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். கூடைகளையும் இறக்கவில்லை.

மறுநாள் காலையில் உங்கள் அம்மாவுக்கு வலி கண்டது. பெரியவன் வயிற்றில். மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, "புள்ள குறுக்க கெடக்கு. என்னால ஆகாது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். அழகர் ஆற்றில் இறங்குகிற நாள். சுத்துப்பட்டு ஊர்களில் ஒரு மாட்டு வண்டி மிச்சம் இல்லை. எங்கள் ஆட்களும் லீவு போட்டுவிட்டு ஆற்றுக்குப் போயிருந்தார்கள். அண்ணன் மட்டும் இருந்தார். வந்து வாசலில் நின்று, உள்ளே கேட்ட சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"அடுத்த ரயிலு மூணு மணிக்கு. அதுக்குள்ள டிராலில கொண்டு போயிரலாம்."

"இன்ஸ்பெக்டரு?"

"அவர்ட்ட அப்பறம் பேசிக்கலாம். தூக்கு."

டிராலிப் பலகையில் சாக்கை விரித்து உங்கள் அம்மாவைப் படுக்க வைத்தோம். தலை முன்பக்கம். அண்ணன் பிரேக் கைப்பிடியில் கையை வைத்தார்.

"முளை போட்டியா?"

"போட்டாச்சுண்ணே" என்றேன்.

எதையும் இழுத்துப் பார்க்கிறவர், அன்றைக்கு இழுத்துப் பார்க்கவில்லை. உங்கள் அம்மா கத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் ஓடித் தள்ளினோம். சித்திரை வெயிலில் தண்டவாளம் காலைச் சுட்டது. கொஞ்ச தூரம் போனதும் லைன் சரிவாக இறங்கும், முக்கால் மைல் இருக்கும். சரிவின் அடியில் ரோட்டை வெட்டிக்கொண்டு லைன் போகும், அங்கே ஒரு கேட். சரிவு தொடங்கியதும் இரண்டு பேரும் தாவி ஏறினோம். கேட் கண்ணுக்குத் தெரிந்தது. திறந்திருந்தது. மூன்று மணி வரை ரயில் இல்லை என்று கேட்மேன் திறந்து விட்டிருந்தார். மதுரைக்குப் போகிற மாட்டு வண்டிகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு லைனைக் கடந்துகொண்டிருந்தன. வண்டி நிறையப் பெண்களும் பிள்ளைகளும்.

அண்ணன் பிரேக்கை இழுத்தார். பிடித்தது. விட்டு மறுபடி பலமாக இழுத்தார். கம்பி அறுந்தது. கட்டை கீழே விழுந்து ஜல்லியில் உருண்டது. அவர் கையில் வெறும் கைப்பிடி வந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கலாம் என்று நான் குதித்தேன். இரண்டு எட்டு ஓடினேன். கால் சிலீப்பர் கட்டையில் தட்டி விழுந்தேன். முட்டி பிளந்துவிட்டது. எழுந்தபோது டிராலி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

அவர் அந்த நேரத்தில் குதித்திருந்தால் கை காலில் சிராய்ப்போடு போயிருக்கும். குதிக்கவில்லை. முன்பக்கம் திரும்பி நின்றுகொண்டு கூடையிலிருந்த கல்லை எடுத்து முன்னால் எறிந்தார். தண்டவாளத்தில் விழுந்துவிடாமல் கொஞ்சம் ஒதுக்கி எறிந்தார். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் "ம்" என்று ஒரு சத்தம் போட்டதாக உங்கள் அம்மா பிறகு சொன்னாள். இரண்டு கூடையும் தீர்ந்தது. கூடையை எறிந்தார். கடப்பாரை, சம்மட்டி, தண்ணீர்ப் பானை, பிரேக் கைப்பிடி. தூரத்திலிருந்து எனக்குக் கை மேலே போவதும் கீழே வருவதும் மட்டும் தெரிந்தது. கேட்டில் ஆட்கள் வண்டிகளை விட்டுவிட்டு ஓடினார்கள்.

எறிய ஒன்றும் இல்லாமல் போனது. உங்கள் அம்மாவைத் தூக்கி எறிய முடியாது. "தங்கச்சி, பலகையக் கெட்டியாப் புடிச்சுக்க" என்றாராம். டிராலியின் விளிம்பில் காலை ஊன்றி முன்பக்கமாகத் தாவினார். பக்கவாட்டில் குதித்தால் வண்டியின் வேகம் குறையாது என்று அவருக்குத் தெரியும். முன்னால் குதித்தால் வண்டிக்கு அடியில் போவோம் என்றும் தெரியும். முன்னாலும் கொஞ்சம் இடப்பக்கமுமாகப் போனார். இடது பாதம் மட்டும் தண்டவாளத்தில் கிடந்தது, சக்கரம் அதன் மேல் ஏறிப் போனது.

டிராலி கேட்டுக்கு வரும்போது ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. நாலைந்து பேர் ஓடி வந்து பிடித்தார்கள். ஆளில்லாத ஒரு மாட்டு வண்டியின் சக்கரத்தில் மெதுவாகப் போய் முட்டி நின்றது. அந்த வண்டியிலேயே உங்கள் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த வண்டியில் அவரை ஏற்றினோம். அன்று சாயந்திரம் வயிற்றை அறுத்துப் பெரியவனை எடுத்தார்கள்.

அவருக்கு இடது பாதத்தைக் கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். இடுப்பிலும் முறிவு. பல நாள் பேச்சில்லாமல் கிடந்தார். நினைவு திரும்பிவிட்டது என்று சொல்லியனுப்பினார்கள், போனேன். அவர் சம்சாரம் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது.

குனிந்து அண்ணன் காதருகில் சொன்னேன். "அண்ணே, அன்னைக்கு நான் முளை போடல. கம்பிதான் கட்டினேன்."

"தெரியும். அறுந்த சத்தமே கம்பிச் சத்தம்தான." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அத விடு. தங்கச்சி நடக்குதா?"

"நேத்துலருந்து நடக்குது."

"கூட்டியா. ஒண்ணு கேக்கணும்."

உங்கள் அம்மா பெண்கள் வார்டிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளையை நான் வைத்திருந்தேன். அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை.

"தாயி, நான் குதிச்சனே, அப்ப வண்டி வேகம் கொறைஞ்சுச்சா?"

"எனக்கெங்கண்ணே தெரியும். கண்ண மூடிக்கிட்டேன்."

"கண்ண மூடுனா என்ன, ஒடம்பு அங்கதான இருந்துச்சு. நிதானமா யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசித்தாள். "பெஞ்சுக் காலுல தலை முட்டுச்சு."

"எந்தக் காலு? முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால. அந்தப் பக்கந்தான தலை வச்சிருந்தேன்."

"நான் குதிக்கிறதுக்கு முந்தியா, பெறகா?"

"நீங்க காலை எடுத்த ஒடனே."

"முந்தி எம்புட்டு எட்டத்துல இருந்துச்சு தலை?"

அவள் கட்டில் விளிம்பில் இரண்டு கை விரலையும் தள்ளித் தள்ளி வைத்துக் காட்டினாள். அவர் கையை மெதுவாகக் கொண்டுவந்து அந்த இடைவெளியில் விரித்து வைத்தார்.

"எங்க முட்டுச்சு, காட்டு."

முடியை விலக்கிக் காட்டினாள். வீக்கம் வற்றி ஒரு தழும்பு இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்பக் கொறைஞ்சிருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நாங்கள் அங்கே இருக்கும்போதே இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் தாள் வைத்திருந்தார். விசாரணைக்கு வாக்குமூலம் வேண்டும், நீ சொல்வதைப் பொறுத்துத்தான் மேலே எழுத வேண்டும் என்றார். அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, "உனக்குத் தமிழ் எழுத வருமில்ல? எழுது" என்று சொல்லித் தாளையும் பேனாவையும் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அண்ணன் ஒவ்வொன்றாகச் சொன்னார். உத்தரவு இல்லாமல் டிராலியை எடுத்தது நான். முதல் நாள் பிரேக்கைக் கழற்றியது நான். எழுதினேன். அடுத்து, முளைக்குப் பதிலாகக் கம்பி கட்டியதும் நான் என்றார்.

பேனா நின்றுவிட்டது.

"எழுது மாப்ள" என்றார். "ரெண்டு சீட்டு எதுக்குக் கிழியணும்?"

இதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம்தான். அவர் வேலை போனது. லைன் ஓரத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பழங்காநத்தத்தில் மாமனார் வீட்டோடு போய்விட்டார்கள். ஒரு விறகுக் கடையில் உட்கார்ந்து எடை போட்டாராம். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். வாத்தியாரிடம் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன், அவர் நம்பவில்லை என்றேன். "வண்டி இருந்தாக் காட்டலாம்" என்றார். பிறகு நான் போகவில்லை. மூன்று வருஷம் கழித்து இறந்துவிட்டார் என்று வேறு ஒருவர் சொல்லித் தெரிந்தது. நான் ரயில்வேயில்தான் இருந்தேன். இருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் படிப்பது அந்தச் சம்பளத்தில்.

அந்தத் தாளைப் பற்றி ஒன்று பாக்கி. அவர் சொன்ன வரியை நான் எழுதி முடித்தேன். எழுத்து நன்றாகவே வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் ஜன்னலிலிருந்து வந்து ஒரு தடவை படித்தார். கம்பி என்ற இடத்தில் கொஞ்சம் நின்று என்னைப் பார்த்தார். அண்ணனின் பெருவிரலில் மை தடவி அழுத்தினார். பிறகு, கீழே ஒரு சாட்சி வேண்டும், எழுதினவனே போடலாம் என்றார்.

பிள்ளையை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.